அவையளுக்கு ஆர் பெர்மிட் குடுத்தது? – கிறிஸ்டியானியா: ஒரு நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி நகரத்திலிருந்து தள்ளி, குளக்கட்டை ஒட்டிய கிராமம் எங்களுடையது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, டென்மார்க்கில் அண்ணா வீட்டுக்குப் போயிருந்த நேரம் எடுத்த படங்களைத் தொலைபேசியில் காட்டினேன். கொப்பன்ஹேகன் நகரத்தில் உள்ள கிறிஸ்டியானியா என்ற குடியிருப்பு அது. நீர்க்கரையில் ஒன்றைப்போல ஒன்று இல்லாத வீடுகள். ஒன்றுக்குக் கண்ணாடிச் சுவர், இன்னொன்றுக்குப் பழைய ஜன்னல்களை அடுக்கிக் கட்டிய முகப்பு. முன்னால் பெட்டி பூட்டிய மூன்று சில்லுச் சைக்கிளில் இரண்டு பிள்ளைகள்.

"இது ஆமிக் காணி அம்மா. ஆமி விட்டுட்டுப் போன பிறகு சனம் வேலியைப் பிரிச்சு உள்ள போய் இருந்தது. ஐம்பது வருசமாச்சு. அரசாங்கம் எத்தனையோ தரம் எழுப்பப் பார்த்தது. எழும்பேல்லை" என்றேன்.

எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் எங்கள் பொருளாளர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவையளுக்கு ஆர் பிள்ளை பெர்மிட் குடுத்தது?"

பெர்மிட் என்றால் அரச காணியில் இருக்க அரசு கொடுக்கும் அனுமதிப்பத்திரம். அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. ஒருவரும் கொடுக்கவில்லை என்று சொல்லலாம். கொடுத்தார்கள், பறித்தார்கள், பிறகு விற்றார்கள் என்றும் சொல்லலாம். பெரியம்மாவின் கேள்விக்கு முழுப் பதில் தேடியபோதுதான் இந்த ஆய்வு உருவானது. வன்னியில் இருந்து பார்க்கிறேன் என்பதை மறைக்கவில்லை. இங்கே காணி என்ற சொல்லை நிதானமாகச் சொல்லக்கூடிய ஆள் எவரும் இல்லை.

கொப்பன்ஹேகன் நகரத்தின் நடுவில், கிறிஸ்டியான்ஸ்ஹவுன் என்ற பகுதியில், பதினேழாம் நூற்றாண்டில் நகரத்தைக் காக்க எழுப்பிய மண் அரணும் அகழியும் இன்னும் இருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து ஒரு இராணுவ முகாம். 1960களின் பிற்பகுதியில் படை அங்கிருந்து கட்டம் கட்டமாக வெளியேறியது. பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குப் பிள்ளைகள் விளையாட இடமில்லை. 1971 செப்டெம்பரில் அவர்கள் வேலியின் ஒரு மூலையைப் பிரித்தார்கள். முதலில் வந்தது விளையாட்டுத் திடல்தான். அதே மாதம் 26ஆம் திகதியைத்தான் கிறிஸ்டியானியா தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. யாக்கொப் லுட்விக்சன் என்ற பத்திரிகையாளர், 8ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி அங்கே குடிபெயருங்கள் என்று எழுதினார். வீடில்லாதவர்கள், மாணவர்கள், கலைஞர்கள், வேலையை விட்டவர்கள், எங்கும் பொருந்தாதவர்கள் என்று சனம் வந்து சேர்ந்தது. சுமார் 34 ஹெக்டேயர், எங்கள் கணக்கில் 84 ஏக்கர். தலைநகரத்தின் மையத்தில் அத்தனை பெரிய காணி. கிட்டத்தட்ட 900 பேர் அங்கே நிலைகொண்டார்கள்.

அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை விரித்தால் பக்கங்கள் போதாது. அந்த இடத்தை மூடிவிடுவோம் என்று அரசிடமிருந்து வந்த மிரட்டல்களைப் புரிந்துகொள்ளத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். அங்கே எவருக்கும் வீடு சொந்தமில்லை. விற்கவும் முடியாது, பிள்ளைக்குச் சீதனமாக எழுதவும் முடியாது. ஒருவர் வெளியேறினால் அடுத்து யார் வருவது என்பதை அந்தப் பகுதியில் இருப்பவர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். ஒவ்வொருவரும் மாதாமாதம் பொதுப்பெட்டிக்குப் பணம் கட்ட, அதிலிருந்து மின்சாரம், தண்ணீர், குப்பை அள்ளல், பாலர் பள்ளிச் செலவு போகும். காருக்கு இடமில்லை. ஆயுதம் கூடாது, வன்முறை கூடாது, ஹெரோயின் போன்ற கடும் போதை கூடாது. எல்லோரையும் பாதிக்கிற விடயம் என்றால் பொதுக் கூட்டம். வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் உடன்படும்வரை பேச வேண்டும். ஒரு கூட்டத்தில் முடியாவிட்டால் இன்னொன்று, அதிலும் முடியாவிட்டால் மற்றொன்று.

தேடி அறிந்ததைப் பிறகு எங்கள் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். வாக்கெடுப்பில்லாத கூட்டம் என்றதும் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கும் முதலில் வரவில்லை. ஆனால் இந்தச் சோம்பலான, களைக்கவைக்கிற கூட்டம்தான் பிறகு அவர்களைக் காப்பாற்றியது என்று இப்போது நம்புகிறேன்.

முதல் மிரட்டல் விரைவிலேயே வந்தது. ஆரம்பத்தில் அரசு மென்மையாகத்தான் இருந்தது. 1972இல் பாதுகாப்பு அமைச்சோடு மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் பணம் கட்டும் உடன்பாடு ஆனது. அடுத்த ஆண்டு அதற்குச் 'சமூகப் பரிசோதனை' என்று பெயர் சூட்டி மூன்று ஆண்டு கொடுத்தார்கள். பரிசோதனை என்றால் முடிவுத் திகதி உண்டு. ஆட்சி மாறியதும் 1976 ஏப்ரல் 1க்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற முடிவு வந்தது. அந்த நாளில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்டியானியாவுக்கு ஆதரவாகத் திரண்டார்கள். 'வானவில் படை' என்று பெயர் வைத்துக்கொண்டு ஆயுதமில்லாமல் எதிர்ப்புக்குத் தயாரானார்கள். அரசு பின்வாங்கியது, வெளியேற்றம் தள்ளிப்போனது.

விடயம் நீதிமன்றத்துக்கும் போனது. 1978இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது: காணி அரசினுடையது, வெளியேற்ற அதற்கு உரிமை உண்டு. அப்படியிருந்தும் எழுப்பவில்லை. நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருந்தது. உரிமை ஒருவரிடம், இருப்பு இன்னொருவரிடம் என்ற நிலை. வன்னியில் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

1979ஐ நான் தனியாக நிறுத்திப் பார்க்கிறேன். அந்த மிரட்டல் உள்ளிருந்து வந்தது. ஹெரோயின் உள்ளே புகுந்து ஒரே ஆண்டில் 10 பேரின் உயிரை எடுத்தது. பொலிஸிடம் போனார்கள், பொலிஸ் கஞ்சா விற்பவர்களைத் தேடியதே தவிர அவர்கள் கேட்டதைச் செய்யவில்லை. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் குடியிருப்பாளர்களே இறங்கினார்கள். 40 நாள், இரவு பகலாக, 'அமைதியின் பேழை' என்ற பெரிய கட்டடத்தையும் வாசல்களையும் மறித்து நின்றார்கள். விற்பவன் வெளியே போ. பாவிப்பவன் சிகிச்சைக்குப் போ, போனால் திரும்பி வரலாம். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் முறை வைத்துக் காவல் நின்றார்கள் என்று வாசித்தபோது, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ஐஸ் என்ற போதைப்பொருளை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அழுதுகொண்டு கூட்டத்துக்கு வந்த தாய் நினைவுக்கு வந்தார். 'நாங்கள் என்ன செய்யலாம்' என்ற அவருடைய கேள்விக்கு அன்று சங்கம் ஒரு கடிதம் எழுதியது. அவர்கள் 40 நாள் வாசலில் நின்றார்கள்.

1989இல் கிறிஸ்டியானியாவுக்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. இருப்பு சட்டபூர்வமானது. காணி அரசிடம், பாவிக்கும் உரிமை கூட்டாகக் கிறிஸ்டியானியாவிடம். 'கூட்டாக' என்ற அந்த ஒரு சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. அதே காலத்தில் அதே நாட்டின் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹன்சன், எங்கள் தமிழ் அகதிகளின் குடும்பங்கள் வந்து சேர்வதைச் சட்டத்துக்கு முரணாக நிறுத்திவைத்தார். 1993இல் அந்த விவகாரத்தால் பிரதமர் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995இல் அந்த முன்னாள் அமைச்சர் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். டென்மார்க்கில் அதைத் 'தமிழர் வழக்கு' என்றே சொல்கிறார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அது தங்கமான அரசு, அதனால்தான் கிறிஸ்டியானியா பிழைத்தது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அரசும் தவறு செய்யும். ஆனால் அங்கே தவறுக்குக் கணக்குக் கேட்க இடமும் இருந்தது.

உண்மையான மூடுவிழா மிரட்டல் 2001இல் ஆண்டர்ஸ் ஃபோ ராஸ்முஸனின் அரசு வந்த பிறகு எழுந்தது. இம்முறை 'ஏப்ரல் 1க்குள் வெளியேறு' என்று ஒருவரும் சொல்லவில்லை. 'சாதாரணமாக்கல்' என்றார்கள். நகரத்தின் மற்ற இடங்களைப்போல இதையும் ஆக்குவோம். கட்டடங்கள் பாதுகாப்பானவை அல்ல, அரணும் அகழியும் வரலாற்றுச் சின்னம், பகிரங்கமாகக் கஞ்சா விற்பது சட்டவிரோதம். இந்தக் குற்றச்சாட்டுகள் பொய்யும் அல்ல. புஷர் ஸ்ட்ரீட் என்ற தெருவில் கடை போட்டு விற்றார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். 2004 ஜனவரியில் அந்தக் கடைகளை விற்றவர்களே பிரித்தார்கள். மார்ச்சில் பொலிஸ் பெருமளவில் உள்ளே புகுந்து ஆட்களைப் பிடித்தது. ஆனால் அந்த ஆண்டின் பெரிய அடி தெருவில் விழவில்லை. சட்டத்தில் விழுந்தது. 1989இன் சட்டத்தை மாற்றி, கூட்டு உரிமையை எடுத்துவிட்டார்கள். 900 பேர் கொண்ட ஒரு சமூகம் ஒரே நாளில் 900 தனித்தனி ஆட்கள் ஆனது. இனி ஒவ்வொரு வீடும் தனியாக அரசோடு ஒப்பந்தம் செய்யட்டும், வாடகை கட்டட்டும், வசதியானவர் வாங்கட்டும், மிச்ச இடத்தில் புது மாடிவீடுகள் எழட்டும் என்பதே போக்கு.

கூட்டத்தில் இந்த இடத்துக்கு வந்தபோது பெரியம்மா தலையை ஆட்டினார். "தனித்தனியா கூப்பிட்டு கையெழுத்து வாங்கிறது" என்றார். அது அவருக்குத் தெரிந்த முறை. பத்திரிகையில் போடுகிற மாதிரி ஒருவரையும் எழுப்புவதில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உனக்கு இந்த மூலை, உனக்கு அந்த மூலை, கையெழுத்துப் போடு என்பார்கள். முதல் பத்துப் பேர் போட்டால் மிச்சப் பேர் எத்தனை நாள் நிற்பார்கள்?

கிறிஸ்டியானியாவில் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை என்று நின்றார்கள். நூற்றுக்கணக்கான குடியிருப்பாளர்கள் அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். 2007 மே மாதம் அரசு ஒரு பழைய வீட்டை இடித்தபோது கல்லும் கண்ணீர்ப்புகையுமாகப் பெரும் மோதல் நடந்தது. வழக்கு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. 2009இல் மேல் நீதிமன்றம் அரசுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2011 பெப்ரவரி 18இல் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது: இந்த மண்ணில் கிறிஸ்டியானியாவுக்குப் பாவனை உரிமை எதுவும் இல்லை, முழு உரிமையும் அரசுக்கே.

நாற்பது வருடம் இருந்தவர்களுக்கு உரிமை இல்லையா என்று கேட்டார்கள் எங்கள் சங்கத்தில். இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியாரின் காணியை 10 ஆண்டு இடையூறில்லாமல் ஆண்டால் அதற்கு ஆட்சியுரிமை கோரலாம். அரச காணிக்கு அது பொருந்தாது. நூறு வருடம் இருந்தாலும் பொருந்தாது. இலங்கையில் நிலத்தின் ஏறக்குறைய 80 வீதம் அரசினுடையது என்பதைச் சேர்த்து யோசித்தால், வன்னியில் எத்தனை பேர் இன்னொருவருடைய தயவில் படுத்தெழும்புகிறார்கள் என்று விளங்கும். 'இருந்தேன், ஆகவே என்னுடையது' என்ற வாதம் அரசின் முன் அங்கேயும் நிற்கவில்லை, இங்கேயும் நிற்காது.

ஆக, நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றார்கள். இரண்டு தரம் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற ஒரு குடியிருப்பு எப்படி இன்றும் இருக்கிறது?

தீர்ப்பு வந்த சில வாரங்களில் அரசு ஒரு திட்டத்தை முன்வைத்தது. காணியையும் கட்டடங்களையும் வாங்குங்கள், சந்தை விலையை விடக் குறைவாகத் தருகிறோம், கடனுக்கு அரச உத்தரவாதமும் தருகிறோம். சொத்துரிமையே கூடாது என்று நாற்பது வருடம் சொல்லி வந்தவர்களிடம் 'வாங்கு' என்கிறார்கள். 2011 ஏப்ரலில் கிறிஸ்டியானியா சில நாட்கள் தன் வாசல்களைத் தானே பூட்டியது. ஆண்டுக்கு ஐந்து இலட்சத்துக்கு மேல் பார்வையாளர் வரும் இடம். கடையும் உணவகமும் பூட்டு. உள்ளே ஒரே ஒரு வேலைதான் நடந்தது: பேச்சு. அரசு மூடப்போகிறது என்று நாற்பது வருடம் பயந்த இடம், தான் என்ன செய்வது என்று முடிவெடுக்கத் தன்னைத் தானே மூடிக்கொண்டது. இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த காட்சி அதுதான்.

வாங்கினார்கள். ஆனால் தனித்தனியாக வாங்கவில்லை. 'சுதந்திர நகர் கிறிஸ்டியானியா நிதியம்' என்று ஒரு பொது நிதியத்தை ஆக்கி, அதன் பெயரில் வாங்கினார்கள். தொகை 76.2 மில்லியன் குரோனர். 2012 ஜூலை 1ஆம் திகதி நிதியம் உரிமையாளர் ஆனது. அரணின் ஒரு பகுதியை அரசு தன் வசம் வைத்துக்கொண்டு குத்தகைக்கு விட்டது. நிதியத்தின் சபையில் உள்ளே வாழ்பவர்களும் உண்டு, வெளியே இருப்பவர்களும் உண்டு. காசு சேர்க்க 'மக்கள் பங்கு' என்று ஒன்றை விற்றார்கள். வாங்கியவருக்கு ஒரு அடி மண்ணும் கிடையாது, இலாபமும் கிடையாது, ஒரு தாள்தான். உலகம் முழுவதிலுமிருந்து வாங்கினார்கள். இன்றும் கிறிஸ்டியானியாவில் எவருக்கும் தன் வீடு சொந்தமில்லை, விற்கவும் முடியாது. அரசு பிரிக்கப் பார்த்த 'கூட்டாக' என்ற சொல்லை, அரசின் சட்டத்துக்குள்ளேயே உரிமையாளரின் பெயராக எழுதிவைத்துவிட்டார்கள்.

பெரியம்மாவுக்கு நான் சொல்லக் கண்டுபிடித்த பதில் இதுதான். பெர்மிட்டை ஒருவரும் கொடுக்கவில்லை. யாருடைய பெயரில் எழுதுவது என்பதை அவர்கள் முதலில் தங்களுக்குள் முடிவு செய்தார்கள். நாற்பது வருடம் வாக்கெடுப்பில்லாமல் கூடிக் கூடிப் பழகியிருந்ததால், முடிவெடுக்க வேண்டிய அந்த நாட்களில் அவர்களால் உடையாமல் கூட முடிந்தது.

கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். இப்போது வங்கிக் கடன் இருக்கிறது, மாதாமாதம் கட்ட வேண்டும், கட்டணம் கூடியிருக்கிறது. கட்டட விதிகள் உள்ளே வந்துவிட்டன. அந்தப் பழைய கட்டற்ற தன்மை போய்விட்டது என்று அங்குள்ள மூத்தவர்கள் சிலர் வருந்துகிறார்கள். புதிதாக உள்ளே போவதும் எளிதல்ல. யார் வரலாம் என்பதை இருப்பவர்களே தீர்மானிக்கும்போது இருப்பவர்களைப் போன்றவர்களே வருவார்கள். அது எனக்கும் உறுத்துகிறது. 2022இல் அரசோடு இன்னொரு உடன்பாடு செய்து, உள்ளே பொது வீடமைப்புக்கு 15,000 சதுர மீட்டர் வீடு கட்ட ஒத்துக்கொண்டார்கள். அது எப்படிப் போகும் என்பது வரும் ஆண்டுகளில்தான் தெரியும்.

புஷர் ஸ்ட்ரீட்டின் கதையையும் முடித்துவிடுகிறேன். கஞ்சா வியாபாரம் மெல்ல மெல்ல வெளியேயிருந்து வந்த கும்பல்களின் கைக்குப் போனது. 2016இல் ஒருவன் பொலிஸாரைச் சுட்டான். இரண்டொரு நாளில் குடியிருப்பாளர்கள் கடைகளைப் பிடுங்கி எறிந்தார்கள், திரும்பவும் முளைத்தன. 2023 ஓகஸ்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். 2024 ஏப்ரல் 6ஆம் திகதி, சனிக்கிழமை, கிறிஸ்டியானியா மக்கள் கடப்பாரையோடு வந்து அந்தத் தெருவின் கல்லையே பெயர்த்தார்கள். சிறுவர்கள் முன்னுக்கு நின்றார்கள். கல்லை வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று வந்தவர்களுக்குச் சொன்னார்கள். 1979இல் வாசலில் நின்ற அதே பழக்கம் 45 ஆண்டுகளுக்குப் பிறகும் கையில் இருந்தது.

இனி இங்கே.

ஆமி விட்டுப்போன காணிக்குள் அவர்கள் புகுந்தார்கள். எங்களுக்கோ ஆமி விடவேயில்லை. இந்த வித்தியாசத்தை மறந்து கிறிஸ்டியானியாவை வன்னிக்குப் பாடமாகச் சொல்வது பொய்யாகிவிடும். முல்லைத்தீவில் பிலக்குடியிருப்புச் சனம் 2017 ஜனவரி 31ஆம் திகதி விமானப்படை முகாமின் முன்னால் தறப்பாள் கட்டி இருந்தது. பனியிலும் வெயிலிலும் பிள்ளைகளோடு ஒரு மாதம். மார்ச் 1ஆம் திகதி 42 ஏக்கர் விடுபட்டது. அதைப் பார்த்துக் கேப்பாப்புலவுச் சனம் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்கில் போனது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், இன்னும் ஒரு பகுதி படையிடமே. அவர்கள் புதிதாக ஒரு உலகம் கட்டப் போகவில்லை. தங்கள் கிணற்றடிக்கும் தங்கள் மாமரத்தடிக்கும் போகக் கேட்டார்கள்.

கிறிஸ்டியானியாவின் கதைக்கு மிக அருகில் வருவது, கிளிநொச்சிக் கரைக்கு அப்பால் கடலில் உள்ள இரணைதீவின் கதை. 1992இல் இடம்பெயர்ந்த சனம் கிட்டத்தட்ட ஒரு வருடம் கரையில் இருந்து போராடியும் பதில் வரவில்லை. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தாங்களாகவே தீவுக்குப் போய் இறங்கினார்கள். அனுமதி கேட்டுப் போகவில்லை, போய்விட்டுப் பேசினார்கள். வேலியின் மூலையைப் பிரித்தவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

கூட்டாக வாழும் குடியிருப்புகளை வன்னி அறியாததும் அல்ல. 1970களில் மருத்துவர் ராஜசுந்தரமும் கட்டடக்கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் தொடங்கிய காந்தியம், 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்களை வவுனியாப் பக்கத்தில் பண்ணைகளில் குடியமர்த்தியது. பாலர் பள்ளி, சத்துணவு, கூட்டு உழைப்பு. 1983இல் இருவரும் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பி, இந்தியாவில் பல காலம் இருந்து, கடைசியில் கிளிநொச்சியில் 2015இல் காலமானார். காந்தியத்தை மூட அரசு எந்த வழக்கும் போடத் தேவைப்படவில்லை. டென்மார்க்குக்கும் எங்களுக்கும் இடையிலான தூரத்தை நான் அளப்பது இந்த இடத்தில்தான். அங்கே தோற்றவர்களோடு அரசு மேசையில் இருந்து பேசியது.

அப்படியென்றால் ஏன் இதை எழுதுகிறேன்? எங்கள் ஊரில் நடந்த ஒன்றுக்காக.

மீள்குடியேறிய பிறகு பெர்மிட் வாங்க நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் அதிலும் கூடப் பட்டார்கள். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று கிளிநொச்சியைச் சுற்றி எத்தனை ஊரில் இரண்டு தலைமுறை இருந்தும் கையில் தாள் இல்லாத சனம் உண்டு. பெரியம்மாவிடம் தாள் இருந்தது. அவர் அதை எனக்குக் காட்டினார். நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, பிறகு பின்னால் பிளாஸ்டர் ஒட்டியது. முள்ளிவாய்க்கால் வரை இடுப்பில் சீலைக்குள் கட்டிக்கொண்டு போனது. தண்ணீர் பட்டு மை ஊறிப் புருசனின் பெயரில் கடைசி மூன்று எழுத்தும், ஒரு முத்திரையின் பாதி வட்டமும் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த அரை வட்டத்தை வைத்துக்கொண்டு எட்டுத் தரம் கந்தோருக்கு நடந்தார். கடைசியில் கிடைத்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படித்தான் கிடைத்தது. தனித்தனியாக, ஆளாளுக்கு. நாங்கள் சந்தோசப்பட்டோம். அந்தச் சந்தோசத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ந்த தரை ஒருவருடைய பெர்மிட்டிலும் இல்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து ஊர் மாடு அங்கேதான். யாருடையது என்று எவரும் கேட்டதில்லை, எல்லோருடையதும் என்பதால். ஒருநாள் காலையில் போனால் வரிசையாக எல்லைக்கல். ஒரு திணைக்களம் போட்டிருந்தது. விசாரிக்கப் போனோம். "உங்களுடைய காணி என்றதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். எண்பது குடும்பத்தின் பெர்மிட்டையும் மேசையில் வைத்தாலும் அந்தத் தரைக்கு ஒரு வரி ஆதாரம் இல்லை. மாட்டை வித்தவர்கள் வித்தார்கள். வைத்திருப்பவர்கள் கயிற்றில் கட்டி வைக்கோல் வாங்கிப் போடுகிறார்கள்.

2004இல் டென்மார்க் அரசு சட்டம் கொண்டுவந்து செய்ய முயன்றதை நாங்கள் எங்கள் கையாலேயே செய்துவிட்டோம். தனித்தனி ஆட்களாகிக் கையெழுத்து வைத்தோம். பொதுவானதுக்குப் பெயர் எழுத ஒருவரும் நினைக்கவில்லை.

வாசல் படம் ஒன்று என் தொலைபேசியில் இருக்கிறது. கிறிஸ்டியானியாவுக்குள் போகும்போது வளைவில் அதன் பெயர் இருக்கும். வெளியே வரும்போது அதே வளைவின் உட்புறத்தில், நீங்கள் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகிறீர்கள் என்று செதுக்கியிருக்கும். அண்ணா அதன் கீழ் நின்று படம் எடுத்தார். நான் அப்போது மேலே பார்க்கவில்லை. காலடியில் உள்ள எல்லையைத்தான் பார்த்தேன். அங்கே கல் ஒன்றும் நட்டிருக்கவில்லை.

அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கோயிலுக்கும் சங்கத்துக்கும் நீண்டகாலக் குத்தகையில் காணி கொடுக்க இடம் உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கம் பதிவு செய்த அமைப்பு. அதன் பெயரில் கேட்கலாம். கிடைக்குமா என்று உறுதி சொல்லமாட்டேன். ஆனால் கேட்டதற்கு ஒரு கடிதமும் திகதி போட்ட முத்திரையும் கையில் இருக்கும். அடுத்த எல்லைக்கல் வரும்போது 'என்ன ஆதாரம்' என்ற கேள்விக்கு மேசையில் வைக்க ஒன்றாவது இருக்கும்.

போன கூட்டத்தில் பொதுநோக்கு மண்டபத்தின் சீமெந்துத் தரையில் சோக்கால் ஊரைக் கீறினோம். ஒருவர் குளக்கட்டை வளைத்துக் கீறினார். இன்னொருவர் சுடலையை வைத்தார். பிள்ளையார் கோயில் வெளி, பாலர் பள்ளிக் கிணறு, நெல் காயப்போடும் மேடை, பெடியள் பந்தடிக்கிற தரவை, வாய்க்காலின் இரண்டு கரை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கூட்டம் நாலு மணிக்கு முடிய வேண்டியது. ஆறரைக்கும் ஆட்கள் குனிந்தபடி இருந்தார்கள். வாய்க்கால் கரையை யார் கூட்டி வைப்பது என்பதில் பெரிய வாக்குவாதம். வாக்கெடுப்பு வைக்கவில்லை. அது அடுத்த கூட்டத்துக்குப் போயிருக்கிறது.

எல்லோரும் எழும்பும் நேரம் பெரியம்மா சோக்கைக் கேட்டு வாங்கினார். முழங்காலை ஊன்றிக் கொஞ்சம் சிரமப்பட்டுக் குனிந்து, மாடு மேய்ந்த தரையின் ஓரத்தில் ஏழு சின்னக் கோடு போட்டார். "அதில நிக்கிற பனை ஏழும். அதுகளும் ஒருத்தற்றையும் இல்லை. அதையும் எழுதுங்கோ" என்றார்.

எழுதினேன்.